இந்த நேரத்தில் எங்கே கொண்டு போவது?



அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘மனநலம் காப்போம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் அந்தத் தலைப்பில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஒன்றையும் சொல்லாமலே மேடையிலிருந்து இறங்கிவிடலாம். அதனால் அவைத் தலைவரின் அனுமதியோடு அதைச் சுருக்கிக்கொள்கிறேன். ஒரே ஓர் இரவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எந்த இரவு? வீட்டில் ஒருவருக்கு மனம் கட்டுமீறிப் போகிற இரவு. மணி பதினொன்று ஆகிவிட்டது. கிளினிக் எல்லாம் மூடியாகிவிட்டது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. அம்மா அழுகிறாள். அண்ணன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறான். அந்த வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: “இந்த நேரத்துல எங்க கொண்டு போறது?”

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை. பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். நீங்கள் ஜி.எச். என்றும் கேஷுவாலிட்டி என்றும் சொல்கிறீர்களே, அதே வாசல்தான். நெஞ்சு வலிக்குப் போகிற வாசல். சாலை விபத்துக்குப் போகிற வாசல். மனத்துக்கும் அதுவே முதல் வாசல். இனி நான் பேசப்போவதெல்லாம் இந்தப் பதிலுக்கு உரைதான்.

அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் என்ன செய்கிறோம்? ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருக்கிறோமா? சொந்தக்காரர்களைக் கூட்டி யோசனை கேட்கிறோமா? பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று வாயைப் பொத்துகிறோமா? இல்லையே! ஒருவர் 108-ஐ அழைக்கிறார், ஒருவர் ஆட்டோ பிடிக்க ஓடுகிறார், தெருவே எழுந்து நிற்கிறது.

மகன் நான்கு நாளாகத் தூங்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசுகிறான். சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளுகிறான். இப்போது என்ன செய்கிறோம்? கதவைச் சாத்துகிறோம். ஜன்னலைச் சாத்துகிறோம். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறோம். தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம், வெளியே தெரிந்தால் என்ன ஆவது என்று பெரியப்பா சொல்கிறார். திங்கட்கிழமை பார்க்கலாம் என்கிறார் மாமா. எந்தத் திங்கட்கிழமை என்று மட்டும் அவர் சொல்வதில்லை.

2015-16-ல் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 12 மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. மனநோய் உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காமல் இருப்பவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காடு என்று அது சொன்னது. டாக்டர்கள் போதாது என்பது உண்மை. ஆனால் டாக்டர் இருக்கிற ஊரிலும் அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் எத்தனை பேர்? இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

சரி, எதை அவசரம் என்பது? கவலை எல்லோருக்கும் உண்டு. கோபம் எல்லோருக்கும் உண்டு. அதற்கெல்லாம் கேஷுவாலிட்டி வேண்டாம். ஆனால் ஒருவர் சாகப் போகிறேன் என்று சொல்கிறார், அல்லது சொல்லாமல் கணக்கு வழக்கை எல்லாம் முடித்து விடைபெறுகிற மாதிரிப் பேசுகிறார் என்றால் அது அவசரம். காதில் ஒரு குரல் ‘இதைச் செய், அவனை அடி’ என்று கட்டளை இடுகிறது என்றால் அவசரம். நாள்கணக்கில் உறக்கமே இல்லாமல், களைப்பும் தெரியாமல் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார் என்றால் அவசரம். சிலைபோல உட்கார்ந்து, அன்னம் தண்ணீர் இறங்காமல், கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறார் என்றால் அதுவும் அவசரம். சத்தம் போடுகிறவரை மட்டுமே நாம் கவனிக்கிறோம். சத்தமே இல்லாமல் கிடப்பவரை ‘அமைதியா இருக்கான்’ என்று விட்டுவிடுகிறோம். நேற்று வரை தெளிவாக இருந்தவருக்கு இன்று திடீரென்று நாள் தெரியவில்லை, இடம் தெரியவில்லை, பெற்ற பிள்ளையைத் தெரியவில்லை என்றால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: “ஐயா, மனசு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு ஏன் பொது ஆஸ்பத்திரி? நேரே மனநல மருத்துவமனைக்குப் போகலாமே? ரத்தம் எடுக்கிறான், சர்க்கரை பார்க்கிறான், ஸ்கேன் எடுக்கிறான், இதெல்லாம் எதற்கு?” நல்ல கேள்வி. மூன்று வீடுகளைச் சொல்கிறேன். எந்த ஒரு குடும்பத்தையும் குறித்துச் சொல்லவில்லை. எல்லா ஊரிலும் இருக்கிற வீடுகள் இவை.

முதல் வீட்டில் தலைப்பிரசவம். பெண் தாய்வீட்டில் இருக்கிறாள். குழந்தை பிறந்து ஒரு வாரம். முதலில் தூக்கம் போயிற்று. பச்சைப்பிள்ளை வைத்திருப்பவளுக்குத் தூக்கம் ஏது என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிள்ளை உறங்கும்போதும் இவள் உறங்கவில்லை. அது வேறு. அடுத்து, ‘இது என் பிள்ளையே இல்லை, ஆஸ்பத்திரியில் மாத்திட்டாங்க’ என்றாள். பாட்டி சொன்னாள்: “சன்னி கண்டிருச்சு. காத்து கருப்பு அண்டியிருக்கு.” மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இரண்டு நாள் போயிற்று.

தாய்மார்களே, இது பிரசவத்துக்குப் பின் வரும் ஒரு கடுமையான மனநோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிடும். காலையில் நன்றாகப் பேசுவாள், மாலையில் ஆளே மாறியிருப்பாள். காலையில் பேசியதை வைத்து ‘சரியாகிவிட்டது’ என்று ஏமாந்துவிடக் கூடாது. தாயின் உயிருக்கும் ஆபத்து, சேயின் உயிருக்கும் ஆபத்து. அந்தப் பெண்ணைத் தனியாக விடக் கூடாது, பிள்ளையோடும் தனியாக விடக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே முதலில் காய்ச்சல் இருக்கிறதா, பிரசவப் புண்ணில் கிருமி சேர்ந்திருக்கிறதா, மூளையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இவையும் இதே மாதிரி வேடம் போட்டுக்கொண்டு வரும். முறையாகச் சிகிச்சை செய்தால் இந்தப் பெண்களில் பெரும்பாலோர் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். தேறியவளைப் பார்த்து ‘பைத்தியம் பிடிச்சவ’ என்று புகுந்த வீடு சொல்லிக்காட்டுகிறதே, அதற்குத்தான் எங்களிடம் மருந்து இல்லை.

இரண்டாவது வீட்டில் குடும்பத் தலைவர் நல்ல மனிதர். ஆனால் தினமும் குடிப்பவர். கார்த்திகை பிறந்தது, மாலை போட்டார். போட்ட அன்றே குடியை நிறுத்தினார். வீடே மகிழ்ந்தது. மறுநாள் கை நடுங்கியது. இரண்டாம் நாள் வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டத் தொடங்கினார். வாசலில் யாரோ கத்தியோடு நிற்கிறார்கள் என்று அலறினார். வீட்டார் என்ன நினைத்தார்கள்? விரதத்தில் ஏதோ பிழை, தெய்வக் குற்றம் என்று நினைத்தார்கள்.

அது தெய்வக் குற்றம் இல்லை, நண்பர்களே. பல ஆண்டுகளாகச் சாராயத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நிற்கும்போது கொந்தளிக்கிறது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதை ஒட்டி இந்தக் குழப்பம் வரும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். குடிப்பழக்கம் உள்ளவர்களில் எலும்பு முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருப்பவருக்கும், அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்தவருக்கும் மூன்றாம் நாள் இது வருவதை எந்த எலும்பு வார்டு நர்ஸைக் கேட்டாலும் சொல்வார். இதற்கு மருந்து உண்டு. கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமினை ஊசி வழியாகக் கொடுப்பார்கள். அதனால் ஒரு வேண்டுகோள்: தினமும் அதிகமாகக் குடிப்பவர் நிறுத்துகிறேன் என்றால், பாராட்டுங்கள். ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது வீட்டைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எண்பது வயதுப் பாட்டி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. இரண்டு நாள் வாந்தி. இறந்துபோன கணவரை “வாங்க, சாப்பிடுங்க” என்று கூப்பிடுகிறாள். வயசாச்சு, மூளை கலங்கிருச்சு என்று மூலையில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்தால் சோடியம் அடிமட்டத்தில் இருக்கிறது. உப்புச் சத்தைச் சரி செய்ததும் நாலைந்து நாளில் பாட்டி மருமகளோடு பழையபடி சண்டை போடத் தொடங்கிவிட்டாள்.

மூன்று வீட்டிலும் பார்ப்பதற்கு மனம் கலங்கிய மாதிரிதான் இருந்தது. உள்ளே இருந்தது வேறு வேறு. அதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நம்மால் பிரிக்க முடியுமா? சர்க்கரை குறைவா, மூளைக் காய்ச்சலா, தலையில் பட்ட அடியா, போதைப் பொருளா, உண்மையிலேயே மனநோயா? பிரித்துச் சொல்ல வேண்டியது மருத்துவர். கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

இப்போது நான்காவது வீட்டுக்கு வருகிறேன். இங்கே நிற்கிற கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். உங்கள் நண்பனோ தோழியோ சில நாளாக ஒதுங்கியே இருக்கிறார். ‘நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி’ என்கிறார். உங்களுக்குச் சந்தேகம் வருகிறது. கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டியதாகிவிடுமோ என்ற பயம்.

ஆகாது. நேராகக் கேளுங்கள். “சாகணும்னு நினைக்கிறியா?” என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஏற்கெனவே வந்திருந்தால், ஒரு மனிதராவது கேட்டாரே என்று பாரம் இறங்கும். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் புத்திமதி சொல்லாதீர்கள். ‘உனக்கு என்ன குறைச்சல்’ என்று கேட்காதீர்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். அந்த ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது நட்பு ஆகாது. கூடவே இருங்கள். தனியாக விடாதீர்கள். பெற்றவரையோ ஆசிரியரையோ உடனே வரவழையுங்கள். ஆபத்தானவற்றை அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அப்புறப்படுத்தி என்ன பயன், சாக நினைப்பவர் வேறு வழி தேட மாட்டாரா என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதம் தவறு. அந்த வேகம் பலருக்குச் சிறிது நேரமே நீடிக்கிறது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் தங்கிவிடுகிறது. 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’ அமைப்பைப் பலரும் அறிவீர்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் அவர்கள் ஒரு முயற்சி செய்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவிடத்தில் ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி அமைத்து, தேவையானபோது எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. அவ்வளவுதான். பூட்டும் சாவியும், வீட்டுக்கும் பெட்டிக்கும் இடையில் சில நிமிட நடையும். அந்த ஊர்களில் பூச்சிமருந்தால் நேரும் தற்கொலைகள் குறைந்தன.

சரி, கிளம்பிவிட்டோம். எப்படிப் போவது? 108-ஐ அழைக்கலாம். மனநோய் என்றால் ஆம்புலன்ஸ் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடல்நோய்க்கு எந்த அளவில், எந்தத் தரத்தில் ஆம்புலன்ஸ் உண்டோ, அதே அளவில் மனநோய்க்கும் உண்டு என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. போகும்போது பழைய மருந்துச் சீட்டு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகள், ஆதார் அட்டை, ஒரு மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். எதையாவது விழுங்கியிருப்பார் என்ற சந்தேகம் இருந்தால் அந்தப் பாட்டிலையோ அட்டையையோ கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வைத்தியமாக எதையும் குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள்.

கூட இரண்டு பேர் போதும். தெருவே கூட வந்தால் அவர் மேலும் மிரள்வார். பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். ‘சினிமாவுக்குப் போறோம்’ என்று ஏற்றிவந்து கேஷுவாலிட்டி வாசலில் இறக்கினால், அடுத்த முறை உங்கள் சொல்லுக்கு என்ன மதிப்பு? “நீ நாலு நாளா தூங்கலப்பா. எனக்குப் பயமா இருக்கு. டாக்டரைப் பார்த்துட்டு வந்துரலாம்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். பலர் வந்துவிடுவார்கள். கையில் ஆயுதம் இருக்கிறது, கிட்டே போக முடியவில்லை என்றால் தள்ளி நின்று 100 அல்லது 112-ஐ அழையுங்கள். வீரம் காட்ட வேண்டிய இடம் அது இல்லை.

டியூட்டி டாக்டர் முன்னால் நின்றதும் பாதிப் பேர் செய்வது என்ன தெரியுமா? பொய் சொல்வது! “கால் தவறி விழுந்துட்டான் சார்.” “தெரியாம மாத்திரை மாத்திப் போட்டுட்டா.” மானத்தைக் காப்பாற்றச் சொல்கிற பொய். டாக்டருக்குத் தப்பான வழியைக் காட்டும் பொய். என்று தொடங்கியது, எப்போது கடைசியாகத் தூங்கினார், என்ன மருந்து சாப்பிட்டார், எப்போது நிறுத்தினார், குடி உண்டா, காய்ச்சல் உண்டா, சாவைப் பற்றிப் பேசினாரா என்று வரிசையாகச் சொல்லுங்கள். நோயாளி பக்கத்தில் இருக்கும்போது சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இந்தப் பொய்க்குப் பின்னால் இருக்கும் பெரிய பயம், போலீஸ். ‘கேஸ் ஆகிவிடும்’ என்கிற பயம். அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனுக்குச் சிறைத் தண்டனை வைத்திருந்தது. சாக நினைத்த அளவுக்கு நொந்தவனைப் பிழைக்கவைத்து, பிறகு நீதிமன்றத்தில் நிறுத்துவது! நல்லவேளை, காலம் மாறியது. 2018-ல் நடைமுறைக்கு வந்த அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1-ல் வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309 இல்லவே இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் மிரட்டுவதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் தனிக் குற்றமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவு போடுவார்கள், அவுட்போஸ்ட் காவலர் வந்து விசாரிப்பார். அது நடைமுறை. அதற்குப் பயந்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

‘இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க’ என்று தனியார் மருத்துவமனை வாசலிலேயே திருப்பி அனுப்பினால்? 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்ட நடைமுறை எதுவாக இருந்தாலும் உயிர் காக்கும் சிகிச்சைதான் முதலில். அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் சரி.

அடுத்த பயம்: “உள்ளே விட்டா கட்டிப் போட்டுருவாங்க, கரண்ட் வச்சுருவாங்க, அப்புறம் ஆயுசுக்கும் வெளியே வர முடியாது.” இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மனநல மருத்துவமனை இருக்கிற ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கிச் சினிமாவில் சிரித்தவர்கள் நாம். ஆனால் உண்மையான சங்கிலி எங்கே இருந்தது? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அது ஆஸ்பத்திரி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமலோ மனமில்லாமலோ சொந்தக்காரர்கள் கொண்டுபோய் விட்ட கொட்டகை அது.

இன்றைய மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்அதிர்வு சிகிச்சை தருவதையும் தடை செய்கிறது. அவசர சிகிச்சை என்ற பெயரில் அதைக் கொடுக்கவே கூடாது என்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும் இரவுக்கு உரியது 94-ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ பெரும் தீங்கு என்கிற நிலையில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை கொடுக்கலாம். மனநல நிபுணராக இருக்க வேண்டும் என்பதில்லை. நோயாளியின் பிரதிநிதி பக்கத்தில் இருந்தால் அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும். இந்த அவசர சிகிச்சை அதிகபட்சம் 72 மணி நேரம். அதற்குள் மனநல மருத்துவமனையில் நோயாளியைப் பரிசோதித்துவிட்டால், அத்துடன் அது முடிந்தது. அதன் பிறகும் உள்நோயாளியாக இருக்க வேண்டும் என்றால் அதற்குத் தனி விதிகள், தனிக் கால வரம்பு. ஆயுசுக்கும் என்பது அதில் எங்கும் இல்லை. தெருவில் அலைகிற ஒருவரைப் பார்த்தாலும் காவல் நிலையத்துக்குச் சொல்லலாம். அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 100-ஆம் பிரிவு.

கோயிலுக்குப் போகலாமா, தர்காவுக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். குணசீலம் இதோ இருக்கிறது, நம் திருச்சி மாவட்டம். தலைமுறை தலைமுறையாக மனம் நொந்தவர்களைக் கூட்டிவந்து மண்டலம் இருக்கவைத்த இடம். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆஸ்பத்திரி முகம் சுளித்த காலத்தில் கோயில் பிரகாரம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஏர்வாடி தர்காவில் இன்று மருந்தும் துவா என்கிற பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கின்றன. நான் கேட்பது வரிசை மாற்றம் மட்டும்தான். முதலில் ஆஸ்பத்திரி. தேறியபிறகு குணசீலத்துக்குப் போய் நேர்த்திக்கடனைச் செலுத்துங்கள். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குடும்பங்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். என் சொந்தத் துறையைப் பற்றியும் பேச வேண்டும். “சைக் கேஸா? ஓரமா உட்கார வைங்க.” எத்தனை கேஷுவாலிட்டிகளில் இந்தக் குரல் கேட்கிறது! ரத்தம் வழிகிறவருக்கு ஓடுகிற கால்கள் இவருக்கு ஓடுவதில்லை. ‘சும்மா நடிக்குது’ என்று சிரிப்பவர்கள் உண்டு. வயிற்றைக் கழுவும்போதே வசவும் சேர்த்து ஊற்றுகிறவர்கள் உண்டு. ‘மனநோயாளிக்கும் மாரடைப்பு வரும்’ என்பது மறந்துபோய், நெஞ்சு வலி என்று சொன்னதைப் பிரமை என்று எழுதிவைப்பவர்களும் உண்டு. கூட்டம் அதிகம், ஆள் குறைவு என்பதை நான் அறிவேன். அந்த நெரிசலில் நானும் நின்றவன். ஆனாலும் இது கேவலம்தான். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஓரமாக உட்காரவைத்தால், நீங்கள் அமைதியாக, உறுதியாகச் சொல்லுங்கள்: “டாக்டர், உயிருக்கு ஆபத்துன்னு நினைக்கிறோம். தனியா விட முடியாது. பார்த்து எழுதிக் கொடுங்க.” எழுதுங்கள் என்று கேட்டால் பல கதவுகள் திறக்கும்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தை மத்திய அரசு 1996-97-ல் நாட்டில் நான்கே நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் தேர்வானது திருச்சிராப்பள்ளி. இன்று எல்லா மாவட்டத்திலும் அந்தத் திட்டம் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். இரவில் வந்தவரைக் காலையில் அவர் பார்த்துவிடுவார்.

பிறகு வீட்டுக்கு அனுப்புவார்கள். அத்துடன் எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், அங்கேதான் பல உயிர்களை இழக்கிறோம். தற்கொலை முயற்சியிலிருந்து பிழைத்தவருக்கு ஆஸ்பத்திரியை விட்டு வந்த முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. 2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அது நடந்த ஐந்து ஊர்களில் நம் சென்னையும் ஒன்று, இலங்கையின் கொழும்பும் ஒன்று. மற்றவை பிரேசில், ஈரான், சீனாவில். முயற்சி செய்து அவசரப் பிரிவுக்கு வந்து பிழைத்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து, வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு ஒன்றரை ஆண்டில் ஒன்பது முறை, ஃபோனிலோ நேரிலோ, ‘எப்படி இருக்கீங்க?’ என்று ஒரு விசாரிப்பு. புது மருந்து இல்லை. இயந்திரம் இல்லை. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 விழுக்காடு. விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காடு.

ஒன்பது விசாரிப்பு! இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுமா? அத்தை செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர் செய்யலாம். வகுப்புத் தோழன் செய்யலாம். மாத்திரையை வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்துக் கொடுங்கள். தூக்கம் வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபரிசோதனைக்குச் சொன்ன தேதியில் போங்கள்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு வேலை கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கிற கைப்பேசியை இப்போதே எடுங்கள். பரவாயில்லை, அரங்கில் அணைத்துவைக்கச் சொன்னவர்கள் மன்னிப்பார்கள். 108, ஆம்புலன்ஸ். அது எல்லோருக்கும் தெரியும். 14416, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. நம் மாநிலத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலேயே, கட்டணம் இல்லாமல் பேசலாம். 104, அரசின் மருத்துவ உதவி எண். அதிலும் மன ஆலோசனை உண்டு. மூன்றையும் பெயர் போட்டுப் பதிந்துகொள்ளுங்கள். பிறகு உங்கள் வீட்டுக்கு மிக அருகில், இரவு முழுவதும் கேஷுவாலிட்டி திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை இன்றைக்கே வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். இந்த அரங்கில் இருப்பவர்களில் யாருக்காவது இப்போதே மனம் அந்த நிலையில் இருந்தால், கூட்டம் கலையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மேடைக்குப் பக்கத்தில்தான் இருப்பேன், வந்து என்னிடம் சொல்லுங்கள். சேர்ந்தே போவோம்.